உள்ளே இருக்கிறவங்க

கதவை உள்ளிருந்து சாத்தி, விளக்கை அணைத்துவிட்டு, மஸ்தூரா ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். வெளியே நல்ல வெயில். பூச்சிக்கூடத்தில் ஜன்னல் இல்லாத அறை இது ஒன்றுதான். துடைப்பமும் தரை துடைக்கும் துணியும் இங்கேதான் கிடக்கும். மடியில் ஒரு கண்ணாடித் தட்டு. யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

"அக்கா, வாளி வேணும்!"

"கண்ணு இன்னும் பழகல. ஒரு டீ குடிச்சிட்டு வா."

"வாளி மேலதான் உக்காந்திருக்கீங்களா?"

"ஆமா. அதனால ரெண்டு டீயா குடிச்சிட்டு வா."

இருட்டு முதலில் வெறும் இருட்டாகத்தான் இருக்கும். அவசரப்படுகிறவர்களுக்கு அது எதையும் காட்டாது. மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, நேற்றைய சாப்பாடு, ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கும் கணவன், ஓட்டை விழுந்த ஜோடு என்று ஒவ்வொன்றாக நினைத்து முடித்தபின், மடியில் இருக்கும் தட்டு மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். பனி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு நடப்பது போல ஒரு பச்சை வெளிச்சம். தட்டில் கிடக்கும் செத்த புழுக்களிலிருந்து அது வருகிறது. அதைப் பார்த்ததும் மஸ்தூரா வலது உள்ளங்கையை நெஞ்சின் மேல் வைத்துத் தலையை லேசாகத் தாழ்த்துவாள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கும், ரொட்டி பிட்டுக் கொடுத்தவருக்கும் குவா ஊர்ப் பக்கத்து ஜனங்கள் செய்கிற அதே மரியாதை. இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள்?

பிறகு கதவைத் திறந்து, வாளியை நீட்டி, ஒரே ஒரு சொல் சொல்வாள்: "இருக்காங்க."

போன ஜனவரி வரை அவளுடைய காலைகள் இப்படித்தான் போயின.

பூச்சிக்கூடத்தின் பெரிய வேலை பருத்திக்கானது. பருத்திக் காய்ப்புழுவை ஒழிக்கிற ஒட்டுண்ணிக் குளவியை அங்கே மூட்டை கணக்கில் வளர்க்கிறார்கள். கோடியில் உள்ள ஒரே ஓர் அறை மட்டும் மஸ்தூராவுடையது. அங்கே வளர்வது நூற்புழு. பொடித்த மயிர்த்துணுக்கு மாதிரி இருக்கும்; தண்ணீரில் விட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் நெளிவது தெரியும். மண்ணுக்குள் ஸ்ட்ராபெர்ரி வேரைத் தின்று கொழுக்கும் வேர்ப்புழுவை இது தேடிப் போய்க் கொல்லும் என்று ஊரில் சொல்வார்கள். மஸ்தூரா அதை ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"நூற்புழு யாரையும் கொல்றதில்ல. அது வெறும் வண்டி. உள்ள உக்காந்து வர்றவங்கதான் கல்யாணப் பொண்ணு. நீங்கல்லாம் வண்டியப் பாத்துக் கை தட்டுறீங்க."

உள்ளே உட்கார்ந்து வருவது ஒரு பாக்டீரியா. நூற்புழுவின் வயிற்றில் அதற்குக் குடியிருப்பு. நூற்புழு ஒரு வேர்ப்புழுவின் உடம்புக்குள் புகுந்ததும் வயிற்றில் இருப்பதைக் கக்கிவிடுகிறது. மிச்ச வேலையெல்லாம் பாக்டீரியாவினுடையது. ஓரிரு நாளில் இரை செத்துவிடும். செத்த உடம்பு செங்கல் நிறத்துக்கு மாறும். ஆனால் அழுகாது, நாறாது, எறும்புகூடக் கிட்டே வராது. அந்தச் சுத்தமான வீட்டுக்குள் நூற்புழுக்கள் தின்று, குட்டி போட்டு, பெருகி, இடம் போதாமல் வெளியேறும். கிளம்பும்போது ஒவ்வொன்றும் வயிற்றில் கொஞ்சம் பாக்டீரியாவைக் கட்டி எடுத்துக்கொண்டுதான் கிளம்பும். ஒன்றுக்கு நடக்கத் தெரியாது. மற்றதற்குச் சமைக்கத் தெரியாது. தனித்தனியே இரண்டுக்கும் பிழைப்பு இல்லை.

நூற்புழுவை மஸ்தூரா 'அது' என்பாள். பாக்டீரியாவை 'அவங்க' என்பாள். பூச்சிக்கூடத்துக்குப் புதிதாக வந்த இயக்குநர் ஒருமுறை இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"சிரிங்க சார். செத்ததை நாறவிடாம வச்சுக்கிறதுன்னா சும்மாவா? நம்மளால ஒரு ஆட்டுத் தொடையை ஆடி மாச வெயில்ல ரெண்டு நாள் வச்சுக்க முடியுதா?"

நாற்றம் அவளுக்குப் பெரிய விஷயம். எதையும் முதலில் மூக்கால்தான் பார்ப்பாள். ரொட்டி, டீத்தூள், துவைத்த சட்டை, குழந்தைகளின் உச்சந்தலை எல்லாமே மூக்கருகே போய்த்தான் உள்ளே அனுமதி பெறும். கல்யாண வீட்டில் புலாவ் அண்டாவின் பக்கம் அவள் வந்தால் சமையல்காரர் மூடியைப் போட்டு மேலே கையை வைத்துக்கொள்வார். "நேத்து வெட்டின கறி" என்று நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரி ஒருமுறை சொல்லிவிட்டாள் என்பதுதான் காரணம். சிரித்தால் இரண்டு தங்கப்பல் தெரியும். அடிக்கடி சிரிக்கிறவள் இல்லை என்பதால் அந்தப் பற்கள் இன்னும் புதிதாக இருக்கின்றன என்று ஓரகத்தி ரானோ சொல்வாள்.

அறையில் இருந்த பாக்டீரியாவும் நூற்புழுவும் எங்கிருந்தோ வாங்கி வந்தவை அல்ல. பல வருஷங்களுக்கு முன் கால்வாய்க் கரையில், ஒரு முசுக்கொட்டை மரத்தடி மண்ணில் மஸ்தூராவே கண்டெடுத்தவை. அதிலிருந்து இன்றுவரை தேன்கூட்டு மெழுகைத் தின்னும் மெழுகுப் புழுக்களுக்குள் விட்டு, வந்ததைச் சேர்த்து, திரும்ப விட்டு, அறுந்துபோகாமல் காப்பாற்றி வந்தாள். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் 'உறை'. வீட்டில் தயிருக்கு எடுத்து வைக்கிற உறை மாதிரிதான். பின்னாளில் கால்வாய்க்குச் சிமெண்டு பூசிவிட்டார்கள். மரமும் போயிற்று. ஒவ்வொரு வசந்தத்திலும் கால்வாயோரத் தெருப் பெண்கள் தகரப் பெட்டியோடு வந்து நிற்பார்கள். ஸ்பாஞ்சுத் துண்டில் நூற்புழுவை ஏற்றிக் கொடுத்து, "தண்ணியில பிழிஞ்சு, வெயில் சாஞ்சப்புறம் ஊத்துங்க, வெயில் பட்டா அவ்வளவுதான்" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லி அனுப்புவாள்.

ஜனவரியில் ஒரு குளிர் வந்தது. குழாய் உறைந்தது, மின்சாரம் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. பூச்சிக்கூடத்தின் குளிர்பெட்டிக்குள் இருந்ததைவிட வெளியே குளிர் அதிகம். பெட்டிகள் உறைந்து போனால் எல்லாம் முடிந்துவிடும் என்று மஸ்தூரா அத்தனையையும் கம்பளிச் சால்வையில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மெழுகுப் புழு ஜாடியை அடுப்புக்கு மேலே பலகையில் வைத்தாள். நூற்புழுப் பெட்டிகளுக்கும், சிவந்து கிடந்த புழுக்களின் தட்டுகளுக்கும் முற்றத்து நிலவறைதான் சரியான குளிர். அங்கே கோரைப் பின்னலில் தொங்கிய முலாம்பழங்களுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் அடுக்கினாள். ரானோவிடம் சொல்லவில்லை.

சொல்லியிருந்தால் சண்டை வரும். மெழுகுப் புழு ஜாடிக்கே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது. "உயிரோட இருக்கிறதாவது பரவாயில்ல" என்றுதான் ரானோ கடைசியில் விட்டுக்கொடுத்தாள். மஸ்தூரா பெரியவன் பெண்டாட்டி, ரானோ சின்னவன் பெண்டாட்டி. இரண்டு ஆண்களும் ரஷ்யாவில். பெண்கள் இருவரும் ஒரே முற்றத்தில், ஒரே அடுப்பில், அடியில் கரி கனலும் ஒரே கணப்பு மேசையின் போர்வைக்குள் எதிரெதிரே காலை நீட்டிக்கொண்டு குளிர்காலத்தை ஓட்டுகிறவர்கள். ரானோவுக்கு அழுக்கும் ஆகாது, கண்ணேறும் ஆகாது. முதலாவதற்குத் துடைப்பம், இரண்டாவதற்குக் காட்டுச்செடிப் புகையும் ஒரு பிடி உப்பும். பஸ் நேரத்துக்கு வராததற்குக்கூட ஒருமுறை உப்புச் சுற்றிப் போட்டவள்.

அன்று மத்தியானம் ரானோ முட்டைக்கோஸ் ஊறுகாய் எடுக்க நிலவறைக்குள் இறங்கினாள். மூடிக்கு முட்டுக்கொடுத்திருந்த கழி வழுக்கி, மூடி தலைக்கு மேலே தடாலென்று விழுந்து பனியில் இறுகிக்கொண்டது. கையில் இருந்த மெழுகுவத்தியும் அந்தக் காற்றில் அணைந்தது. கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் காதில் அது விழுந்து, அவர் கடப்பாரையோடு வந்து சேர்வதற்குள் கண் நன்றாக இருட்டுக்குப் பழகிவிட்டது. மற்ற நாட்களில் அந்த நிலவறையில் யாரும் அவ்வளவு நேரம் விளக்கில்லாமல் இருந்ததில்லை. அப்போதுதான் முலாம்பழங்களுக்குப் பின்னால் அவை தெரிந்தன.

சாயங்காலம் மஸ்தூரா வந்தபோது ரானோ தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கணப்பருகே சாய்ந்திருந்தாள்.

"அக்கா, நிலவறையில கண்ணு! பச்சைக் கண்ணு, வரிசையா! சத்தியமா சொல்றேன். இமைக்கவே இல்ல."

மஸ்தூரா கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "உப்பு போட்டியா?"

"போட்டேன்."

"எவ்வளவு?"

"இருந்ததெல்லாம். ஒளிஞ்சிருக்கும்னு பெட்டிகளையும் திறந்து போட்டேன். அப்புறம் ஊறுகாய்த் தண்ணியையும் ஊத்திட்டேன். ஏன்?"

மஸ்தூரா கீழே இறங்கினாள். தட்டுகள் ஊறுகாய்த் தண்ணீரில் மிதந்தன. பெட்டிகள் திறந்து கிடந்தன. ஸ்பாஞ்சுகளின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒன்றைப் பிழிந்து, சொட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தாள். நூற்புழுக்கள் எல்லாம் நேராக நீட்டிக் கிடந்தன. உயிருள்ள நூற்புழு நேராகப் படுப்பதில்லை. அடுத்த பெட்டி, அதற்கடுத்தது என்று பார்த்துக்கொண்டே போய்க் கடைசிப் பெட்டியைப் பார்க்காமலே மேலே வந்துவிட்டாள்.

விஷயம் தெரிந்ததும் ரானோ முதலில் பாய்ந்தாள். "எனக்கு எப்படித் தெரியும்? செத்த புழுவைத் திங்கிற பழத்துக்குப் பக்கத்துல யாராவது வைப்பாங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும்."

இந்தப் பதிலை ரானோ எதிர்பார்க்கவில்லை. "வேற இல்லையா? கொஞ்சம்கூடவா?"

"நீ சுத்தமா செஞ்சுட்ட. பேயா இருந்திருந்தா மூட்டை முடிச்சோட ஓடியிருக்கும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் மஸ்தூரா ரொட்டியை மோந்து பார்க்காமலே தின்றாள். அதைப் பார்த்துத்தான் ரானோ அழ ஆரம்பித்தாள்.

இயக்குநர் கெட்டவர் இல்லை. "வசந்தத்துல நவ்ரூஸ் பண்டிகை வரைக்கும் அந்த அறை உங்களுக்குத்தான். அதுக்கப்புறம் சும்மா பூட்டி வைக்க முடியாது, குளவிக்கு இடம் பத்தல" என்றார். வெளியூரிலிருந்து வேறு உறை வாங்கலாமே என்றும் கேட்டார்.

"வாங்கலாம் சார். அது இந்த மண்ணுக்கும் இந்தத் தண்ணிக்கும் பழகுறதுக்குள்ள ஸ்ட்ராபெர்ரிக்கு வேர்னு ஒண்ணு இருக்காது. கால்வாய்த் தெருப் பொம்பளைங்களுக்கு அந்த ஒரு வெள்ளாமைதான்."

உறை போய்விட்டால் என்ன செய்வார்கள்? கொடுத்த வீட்டில் போய்க் கேட்பார்கள். மஸ்தூராவும் அதையே செய்தாள். நூற்புழு வாங்கிப்போன வீடுகளுக்கெல்லாம் நடந்தாள். மண்ணுக்குள் அவை குளிர்காலத்தைத் தாங்கிக் கிடக்கும், கொஞ்சம் மண் கிடைத்தால் தேடி எடுத்துவிடலாம் என்பது கணக்கு. ஒருத்தி இலையுதிர் காலத்தில் மண்ணுக்கு மருந்து ஊற்றியிருந்தாள். இன்னொருத்தி பாத்தியைக் கலைத்துக் கோழிக் கூண்டு கட்டியிருந்தாள். மற்றவர்கள் ஆழ உழுது, மண்ணைப் புரட்டிப் பனியில் காயப் போட்டிருந்தார்கள். கடைசியில் எர்காஷின் வீடு மட்டும் மிச்சம் இருந்தது. அங்கே போக மஸ்தூராவுக்குக் கால் வரவில்லை.

எர்காஷ் சில வருஷங்களுக்கு முன் ஒரே ஒருமுறை நூற்புழு வாங்கியவர். அந்த வருஷம் அவருடைய ஸ்ட்ராபெர்ரி முக்கால்வாசி வாடிப்போயிற்று. வெறும் தண்ணீரைக் கொடுத்து ஏமாற்றியவள் என்று அன்றிலிருந்து மஸ்தூராவுக்கு அவர் வைத்த பெயர் 'தண்ணிக்காரி'. சந்தையில், டீக்கடையில், துக்க வீட்டில்கூட அந்தப் பெயரைச் சொல்லாமல் விட்டதில்லை.

"வாம்மா தண்ணிக்காரி!" என்று வாசலிலேயே வரவேற்றார். "இந்தக் குளிருக்கு என்ன, ஐஸ் விக்க வந்தியா?"

"மண்ணு வேணும்ணே. ஒரு பாத்திரம்."

"தண்ணியக் குடுத்துட்டு மண்ண வாங்கிட்டுப் போற. நல்ல வியாபாரம். எதுக்கு?"

மஸ்தூரா உள்ளதைச் சொன்னாள். உப்புக் கதையைக் கேட்டு அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். சிரித்து முடித்ததும் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கம்பளித் தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"என் தோட்டத்துல ஒண்ணும் இருக்காது தங்கச்சி. அன்னைக்கே செத்திருக்கும்."

"அன்னைக்கு எப்ப ஊத்தினீங்க?"

"ஊத்தினேன்."

"எப்பண்ணே?"

"ஊத்த வேண்டிய நேரத்துலதான்."

"வெயில் சாஞ்சப்புறமா?"

எர்காஷ் கொடியில் காய்ந்த துணியைப் பார்த்தார். "சாயங்காலம் எங்க புலாவ் கூட்டம். என் முறை. நான்தான் அண்டாகிட்ட நிக்கணும். ஊர் ஆம்பளைங்க பூரா வந்து உக்காந்திருப்பாங்க. அவங்களை விட்டுட்டு ஒருத்தன் போய்ப் புழுவுக்குத் தண்ணி ஊத்திட்டு நிப்பானா? மத்தியானமே முடிச்சிட்டேன்."

நல்ல உச்சி மத்தியானம். வெயிலில் அத்தனையும் மண்ணுக்குள் இறங்குமுன் செத்திருக்கும். அத்தனை வருஷத்துத் 'தண்ணிக்காரி'க்கும் காரணம் ஓர் அண்டா புலாவ். மஸ்தூராவுக்குக் கோபம் வரவேண்டிய இடம். ஆனால் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கப்பல் தெரியச் சிரித்துவிட்டுக் கேட்டாள்: "நிழல்னு எங்கேயாவது ஒரு இடம் இருந்துச்சா?"

அவர் வடக்குச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு பேரி மரம்.

"அந்த மூலையில..."

"என்ன அந்த மூலையில?"

"ஒண்ணுமில்ல. அங்க மட்டும் செடி பொழச்சிருக்கு. அவ்வளவுதான்."

"எப்பலேர்ந்து?"

"அப்பலேர்ந்துதான். வேர்ப்புழுவே வர்றதில்ல அங்க."

"இதை ஒருத்தர்கிட்டகூடச் சொல்லலியே அண்ணே!"

"எப்படிம்மா சொல்றது? ஊர் பூரா உன்னைத் தண்ணிக்காரின்னு சொல்லி வச்சிருக்கேன். போய் ஒவ்வொருத்தன்கிட்டயா திருப்பி வாங்கிட்டு வர்றதா? மனுஷனுக்கு ஒரு மானம் வேணாமா?"

அந்த மூலையை அவர் கொத்திக் கிளறவும் இல்லை, மருந்து போடவும் இல்லை. நன்றாக இருப்பதில் கைவைக்கப் பயம். உறைந்து கிடந்த மேல்மண்ணைக் கடப்பாரையால் அவரே உடைத்தார். மஸ்தூரா பக்கத்தில் முட்டி போட்டு, அடியிலிருந்த ஈர மண்ணை விரலால் தோண்டி அள்ளினாள். சால்வை நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. நீலப்பூப் போட்ட தன் வீட்டு எனாமல் பேசினில் மண்ணைக் குவித்துக் கொடுத்துவிட்டு எர்காஷ் சொன்னார்: "பாத்திரத்தை வெறுமையா அனுப்பாதே, சொல்லிட்டேன்."

மண்ணைச் சிறு சிறு டப்பாக்களில் பிரித்து, ஒவ்வொன்றிலும் மெழுகுப் புழுக்களைப் புதைத்தாள். மண்ணுக்குள் நூற்புழு இருந்தால் அவற்றைத் தேடி வரும். அதற்கு வெதுவெதுப்பு வேண்டும். பூச்சிக்கூடத்தில் மின்சாரம் இன்னும் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தது. வீட்டில் சூடு இருந்த இடம் ஒன்றுதான்: கணப்பு மேசையின் போர்வைக்குள், இரண்டு பேரும் காலை நீட்டுகிற இடம்.

"செத்த புழுவோட காலை ஒட்டிக்கிட்டு உக்காரணுமா நான்?" என்றாள் ரானோ.

"இன்னும் சாகல. செத்தாத்தான் நமக்கு நல்லது."

டப்பாக்களை ரானோவே வாங்கி, கரிக்குப் பக்கமாகவும் இல்லாமல் விளிம்புக்கும் போகாமல் வட்டமாக அடுக்கினாள். அதற்குப் பிறகு அந்தக் கணப்பை அவளுடைய ஆட்சிக்கே எடுத்துக்கொண்டாள். குழந்தைக்குப் பால் சூடு பார்ப்பது போல மணிக்கட்டை வைத்து வைத்துப் பார்த்தாள். கரி அதிகமானால் சாம்பலைப் போர்த்தினாள். குழந்தைகள் காலை உதைத்துக்கொண்டு விளையாடினால் போர்வைக்கு வெளியே விரட்டினாள். "விருந்தாளி இருக்காங்க உள்ள" என்று ஒருமுறை அதட்டியது மஸ்தூராவின் காதில் விழுந்தது. கேட்காத மாதிரி இருந்துகொண்டாள்.

பேரி மரத்தடியில் சால்வை இல்லாமல் தோண்டியதற்குப் பலன் இரண்டாம் நாளே வந்துவிட்டது. சளி. மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டது. கல்யாணச் சமையல்காரர்களை நடுங்கவைத்த மூக்குக்கு இப்போது வெங்காயம்கூடத் தெரியவில்லை. டப்பாக்களைத் திறந்து பார்க்கிற நாள் வந்தபோது மஸ்தூரா மூடியைத் திறப்பதும், ரானோ மூக்கைக் கொடுப்பதுமாக வேலை நடந்தது.

முதல் டப்பாவில் புழுக்கள் உயிரோடு கொழுகொழுவென்று இருந்தன. இரண்டாவதில் கறுத்துப்போய்க் கிடந்தன.

ரானோ தலையைத் திருப்பிக்கொண்டாள். "அய்ய! செத்த எலி."

"அது வேற யாரோ. தள்ளி வை."

மூன்றாவதும் உயிரோடு. நான்காவதும் கறுப்பு. ஒவ்வொரு மூடியையும் திறக்கும்போது மஸ்தூராவின் கை மெதுவாகிக்கொண்டே போயிற்று. நிலவறையில் அன்று கடைசிப் பெட்டியைப் பார்க்காமல் விட்டது போலவே, கடைசி டப்பாவை அவள் திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். ரானோ அதைப் பிடுங்கித் திறந்தாள். விரலால் மண்ணை விலக்கினாள்.

"அக்கா."

"கறுப்பா?"

"மாதுளைத் தோல் மாதிரி இருக்கு. ரெண்டு."

"மோந்து பாரு."

ரானோ குனிந்தாள். முற்றத்தில் ஒரு சருகு கிடந்தாலே முகம் சுளிக்கிற ரானோ, செத்த புழுவின் மேல் மூக்குப் படுகிற அளவுக்குக் குனிந்து, இழுத்து மோந்தாள். "நாறல. மண்ணு வாசனைதான் வருது."

"இன்னொரு தடவ."

"நாறலக்கா. எத்தனை தடவ மோந்தாலும் நாறல."

மஸ்தூரா தலைத்துணி முனையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள். அது சளிக்காகத்தான் என்று வைத்துக்கொள்வோம். "சிவப்பு மட்டும் பத்தாது. இருட்டுல பாக்கணும். கீழ வா."

"நானா?"

"எனக்குக் கண்ணும் ஒழுகுது. நீ பாத்துச் சொல்லணும்."

ரானோ சமையல் பக்கம் போய்விட்டு வந்தாள். உப்பு ஜாடியின் மூடி கிளிங்கென்றது மஸ்தூராவுக்குக் கேட்டது. திரும்பி வந்தபோது அவளுடைய வலது கை மேலங்கிப் பைக்குள் இருந்தது. இருவரும் நிலவறையில் இறங்கினார்கள். மூடியைத் தாங்களே இழுத்துச் சாத்தினார்கள். ஊறுகாய்ப் பீப்பாய்களுக்கு நடுவே தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். இரண்டு புழுக்களையும் எடுத்து வைத்த தட்டு மஸ்தூராவின் மடியில்.

"ஒண்ணும் தெரியல" என்றாள் ரானோ.

"கண்ணு பழகணும். ஏதாவது நினைச்சிட்டு இரு."

"எதை நினைக்கிறது?"

"எதையாவது. உன் புருஷன் அனுப்பாத செருப்பை நினை."

ரானோ சிரித்தாள். மேலே குழந்தைகள் ஓடுகிற சத்தம் கூரையில் அதிர்ந்தது. முலாம்பழ வாசனை அங்கே இருக்க வேண்டும், மஸ்தூராவுக்குத் தெரியவில்லை. அவள் மனசுக்குள் கால்வாய்த் தெருவின் வாசல்களை ஒவ்வொன்றாக நடந்து பார்த்தாள். எந்தெந்த வாசலில் யார் யார் தகரப் பெட்டியோடு நிற்பார்கள், யாருக்கு என்ன பதில் சொல்வது. தெருவின் பாதி தூரம் போயிருப்பாள்.

மடியில் பனிமூட்டம் போல ஏதோ நகர்ந்தது. தண்ணீர் கட்டிய கண்ணின் வேலையோ என்று துடைத்துக்கொண்டு பார்த்தாள். போகவில்லை. இரண்டு சிறு பச்சைக் கீற்றுகள், பக்கத்துப் பக்கத்தில். மெழுகுவத்தி ஏற்றினால் மறைந்துவிடுகிற அளவுக்கு மெல்லியவை. கால்வாய்க் கரை முசுக்கொட்டை மரத்தடியில் முதலில் கிடைத்த அன்று பார்த்த அதே வெளிச்சம்.

"ரானோ, தெரியுதா?"

பக்கத்தில் மேலங்கித் துணி சரசரத்தது.

பைக்குள் இருந்த அந்தக் கை! மஸ்தூரா ஒரு கையால் தட்டை மறைத்துக்கொண்டு, மறுகையால் இருட்டில் துழாவி ரானோவின் பையைப் பிடித்தாள். உப்பு அப்படியே பையில் கனத்துக் கிடந்தது. கை மட்டும் அங்கே இல்லை. மேலே தேடிக்கொண்டு போனாள். ரானோவின் வலது உள்ளங்கை அவளுடைய சொந்த நெஞ்சின் மேல் விரிந்து பதிந்திருந்தது.

மஸ்தூரா தட்டின் மேலிருந்து தன் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.